கொக்கைச் சுற்றி ஊசித் துளைகள்

யானைக்கு முழங்கால் கிடையாது என்று அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதாம். அதனால் அது படுக்காதாம், மரத்தில் சாய்ந்துகொண்டே தூங்குமாம். வேட்டைக்காரன் வந்து மரத்தைப் பாதி அறுத்து வைத்துவிட்டுப் போனால், யானை சாய்ந்ததும் மரத்தோடு சேர்ந்து விழுமாம், பிறகு எழுந்திருக்கவே முடியாதாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வரும் கைடு பெண் ஒரு நாளைக்கு நாலு தடவை இந்தக் கதையைச் சொல்வாள். நாலு தடவையும் எனக்கு எரிச்சல் வரும். கோயில் யானை காலை மடக்கி உட்கார்ந்து குளிப்பதைப் பார்த்தவன் நான். எவனோ ஒருவன் யானையைக் கண்ணால் பார்க்காமலே கன்றுத்தோலில் தங்கம் பூசிப் படம் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அதை மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நான் காவல் காக்கிறேன்.

படம் இன்னும் மோசம். பன்றியின் மூக்கில் நாதஸ்வரத்தைச் செருகினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு யானை. காது நாய்க்காது. வால் சிங்கத்தின் வால். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, தங்கம் மட்டும் அசல் தங்கம். பத்து வருடம் ஜரிகையோடு புழங்கிய கண் என்னுடையது, பித்தளைப் பூச்சைப் பார்த்தால் தெரியும். எழுநூறு எண்ணூறு வருடம் ஆகியும் அது நேற்றுத் தேய்த்தது போல் மின்னியது. அதனாலேயே எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு சந்தேகம் இருந்தது. அத்தனை பழையது என்கிறார்கள், ஒரு மூலை கூடச் செல்லரிக்கவில்லை. காதில் பூ சுற்றுகிறார்களோ என்று நினைத்தேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. லாண்டரியில் இருந்து வரும் சட்டை என் சட்டைதானா என்று காலரைப் புரட்டிப் பார்ப்பேன். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடைக்காரன் முகத்தையும் பார்ப்பேன். என் மனைவி ஃபோனில், "உங்களை மாதிரி சந்தேகப் பிராணி உலகத்துலயே இல்ல, நீங்க செக்யூரிட்டி வேலைக்குப் போனது சரிதான்" என்பாள். அவள் கேலியாகச் சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

நான் செக்யூரிட்டிக்கு வந்த கதை சின்னது. பரமக்குடிப் பக்கத்திலிருந்து அஜ்மானுக்கு வந்து, ஒரு எம்ப்ராய்டரி ஒர்க்‌ஷாப்பில் பத்து வருடம் அரபுப் பெண்கள் போடும் கறுப்பு அபாயாவுக்கு ஜரிகைப் பூ போட்டேன். முதலாளி ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார். அங்கே என்னோடு வேலை செய்த ஒரு யாழ்ப்பாணத்துப் பையனும் நானும் ஒரே கம்பெனியில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தோம். பையன் என்கிறேனே தவிர அவனுக்கு முப்பத்தைந்து வயது, ஊரில் மனைவியும் ஆறு வயதை எட்டப் போகிற ஒரு மகளும் இருந்தார்கள். எங்கள் இருவருக்கும் அந்த மியூசியத்திலேயே டூட்டி போட்டார்கள், ஒரே கேலரியில் ஷிஃப்ட் மாறி மாறி. ஷார்ஜாவில் ரோலாவில் ஒரே ரூம். அந்த ரூமில் இன்னும் இரண்டு பேர் உண்டு, ஒருவர் டிரைவர், ஒருவர் பக்காலா என்கிற மளிகைக் கடையில் சாமான் அடுக்குபவர். அவர்களுக்கு மியூசியம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு வேண்டியிருக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் என் வேலை தைப்பது, அவன் வேலை வரைவது. டிரேசிங் பேப்பரில் பூவையோ கொடியையோ பென்சிலால் போடுவான். பிறகு கோட்டின் மேலேயே ஊசியால் குத்திக்கொண்டே போவான். பேப்பரைக் கறுப்புத் துணியின் மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரைத் துணிப்பந்தில் தோய்த்துத் தேய்த்தால், துளை வழியாகப் புள்ளி புள்ளியாகத் துணியில் படம் இறங்கும். அதன் மேல்தான் நாங்கள் தைப்போம். அவன் குத்தினால் துளைகள் கடுகை வரிசையாக அடுக்கியது போல் இருக்கும். அந்த ஊசியை அவனுக்குக் கொடுத்ததே நான்தான். நீளமான ஊசி, பிடிப்பதற்கு வாகாக அடியில் சிவப்பு நூலைச் சுற்றி நானே கைப்பிடி கட்டிக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பக்கத்து ஒர்க்‌ஷாப்பின் டிசைன் நன்றாக ஓடினால், அவர்களுடைய கேட்லாக்கை யாராவது ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி வருவார்கள். அந்தத் தாளுக்கு அடியில் எங்கள் பேப்பரை வைத்து இரண்டையும் சேர்த்துக் குத்தினால் வேலை முடிந்தது. அளவு பிசகாது, அச்சு அசலாக வந்துவிடும். கேட்லாக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது யாரும் துளையைக் கவனிக்க மாட்டார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தானே தெரியும்! குத்தியது அவன். குத்தச் சொன்னது பெரும்பாலும் நான்.

மியூசியத்துக்கு வந்த பிறகு அவன் அந்த மிருகப் புத்தகத்தில் ஒரேயடியாக விழுந்துவிட்டான். டூட்டி மாறும் நேரத்தில் நான் யானையைத் திட்டிக்கொண்டு நிற்பேன், அவன் பெட்டிக்குப் பக்கத்து அட்டையில் அச்சடித்திருக்கும் இங்கிலீஷைப் படித்து எனக்குத் தமிழில் சொல்வான். முதலை மனிதனைத் தின்னும்போதே அழுமாம். முள்ளம்பன்றி திராட்சைத் தோட்டத்தில் உருண்டு, முள்ளில் பழங்களைக் குத்திக் குட்டிகளுக்குக் கொண்டுபோகுமாம்.

"வடிவா இருக்குதெல்லே அண்ணை? பொய்தான். ஆனா எவ்வளவு ஆசையாக் கீறியிருக்கிறாங்கள் பாருங்கோ." அவர்கள் ஊரில் வரைவதைக் கீறுவது என்பார்கள்.

"யானைக்கு நாய்க்காது போட்டிருக்கான், அதுல என்னப்பா வடிவு?"

"அவன் யானையைக் காணேல்லை. ஆரோ சொன்னதைக் கேட்டுக் கீறியிருக்கிறான். கேட்டதை வச்சு அவ்வளவுதான் ஏலும்."

அந்தப் புத்தகத்தை எப்போதும் ஒரே பக்கத்தில் திறந்து வைக்க மாட்டார்கள். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று, சில வாரங்களுக்கு ஒரு முறை, மியூசியம் மூடியிருக்கும் திங்கட்கிழமையில் ஒரு மேடம் வந்து பெட்டியைத் திறந்து வேறு பக்கத்தைத் திருப்பி வைப்பார். புத்தகத்தைக் கடன் கொடுத்த லைப்ரரியில் இருந்து வருகிறவர். முதல் தடவை திருப்பியபோது எனக்கு ஆஃப். அவன்தான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். மறுநாள் நான் போனபோது யானையைக் காணவில்லை, அந்த இடத்தில் கொக்குகள் நின்றன.

அந்தக் கொக்குப் படத்தின் மேல் மட்டும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கூட்டமாகக் கொக்குகள் தூங்குகின்றன. ஒன்று மட்டும் தனியாக, ஒற்றைக் காலில் விழித்துக்கொண்டு நிற்கிறது. தூக்கிய காலில் ஒரு கல்லைப் பிடித்திருக்கிறது. அது காவல் கொக்காம். கண் அயர்ந்தால் கல் நழுவி விழும், சத்தத்தில் விழித்துக்கொள்ளுமாம். ஆகா, இது நம்ம ஆளு என்று தோன்றியது. எட்டு மணி நேரம் நின்றபடி கால் மாற்றி நிற்கும் வேலை எங்களுடையது. அந்த ஓவியன் யானையைப் பார்க்காவிட்டாலும் ஒரு செக்யூரிட்டிக்காரனைக் கட்டாயம் பார்த்திருப்பான் என்று அவனிடம் சொல்லிச் சிரித்தேன்.

அவன் சிரிக்காமல் சொன்னான். "மேடத்துக்கு ஃபோன் ஒண்டு வந்து அங்கால திரும்பி நிண்டவ. பெட்டி திறந்திருக்கேக்க நான் கிட்டப் போய்ப் பாத்தனான் அண்ணை. கண்ணாடி இல்லாமப் பாத்தா வேற மாதிரி. தங்கம் மூச்சு விடுற மாதிரி இருந்தது."

எனக்கு அப்போதே மூக்கு வேர்த்தது. பெட்டி திறந்திருக்கும்போது நாம் ஓரடி தள்ளி நிற்க வேண்டும் என்பது ரூல். இவன் ஏன் கிட்டப் போனான்?

அதிலிருந்து அவனை நோட்டம் விட ஆரம்பித்தேன். சந்தேகம் வந்துவிட்டால் ஒவ்வொன்றும் சாட்சியாகிவிடுகிறது. அவன் பெட்டியருகே குனிந்து நின்றால் சாட்சி. டூட்டி ரோஸ்டர் தாளை மடித்துப் பையில் வைத்தால் சாட்சி. காலர் மடிப்புக்குள் நான் கொடுத்த ஊசியைப் பழைய பழக்கத்தில் செருகிக்கொண்டே டூட்டிக்கு வருவான், அதுவும் சாட்சி. ஒரு நாள் மதியம் என் டூட்டி முடிந்து ரூமுக்கு வந்தபோது, அன்று ஆஃபில் இருந்த அவன் வெளியே யாரையோ பார்க்கப் போயிருந்தான். அவன் மெத்தையின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அடுத்தவன் மெத்தையைத் தூக்கிப் பார்ப்பது என்ன புத்தி என்று கேட்பீர்கள். கேளுங்கள். தூக்கிப் பார்த்தேன்.

ரோஸ்டர் தாளின் பின்பக்கம். பென்சிலில் அதே கொக்கு. ஒற்றைக் காலில், கல்லைப் பிடித்துக்கொண்டு. இறகு இறகாக, கழுத்து வளைவு வரை மாற்றமில்லை. கோடு நெடுக ஊசித் துளைகள். விரலை வைத்து அளந்தேன். கொக்கின் உயரம் என் நடுவிரல் நீளம். மறுநாள் கண்ணாடிக்கு மேல் விரலை வைத்துப் பார்த்தேன். புத்தகத்துக் கொக்கும் என் நடுவிரல் நீளம்தான்.

அப்போதுதான் குனிந்து, பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் படுகிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தேன். வேறு யாருக்கும் அப்படிப் பார்க்கத் தோன்றாது. ஆயிரம் பேர் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. காவல் கொக்கின் கோட்டை ஒட்டி, தலையில் இருந்து கால் வரை, கல்லைச் சுற்றியும்கூட, பொடிப்பொடியாகத் துளைகள் இருந்தன.

கேட்லாக் வேலை! தோலுக்கு அடியில் பேப்பரை வைத்து இரண்டையும் சேர்த்துக் குத்தியிருக்கிறான். மேடம் ஃபோனோடு திரும்பி நின்ற நேரம் போதுமே. இந்தக் கட்டடத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் குத்தவில்லை. அப்புறம் யார்?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் மனிதனே இல்லை. துளைகள் ஒன்று போல் இல்லை. அவன் பேப்பரில் கடுகு கடுகாக, நெருக்கமாக, கோட்டை விட்டு விலகாமல் இருந்தது. புத்தகத்தில் இருந்தவை அகலம் அகலமாக, தள்ளித் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் கோட்டை விட்டே விலகிப் போயிருந்தன. பத்து வருடம் அவன் குத்திய பேப்பரில் தைத்தவன் நான். அது அவன் கை இல்லை என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. பயத்தில் கை நடுங்கியிருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் சந்தேகப்பட்டது சரியென்று ஆக வேண்டும் என்ற ஆசை. வேறு ஒரு காரணமும் இல்லை. எனக்கு அவன் மேல் கோபமோ பொறாமையோ கிடையாது. இருந்திருந்தால் கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கும்.

பேப்பரை மெத்தைக்கு அடியில் இருந்து எடுத்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய், காலையில் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். அவர் பேசுவது ஹிந்தி.

"பாய், பக்கா?" என்று கேட்டார்.

"பக்கா" என்றேன்.

அவர் இங்கிலீஷில் ஒரு ரிப்போர்ட் எழுதினார், நான் கீழே கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லவில்லை. லாண்டரிச் சட்டையைப் புரட்டிப் பார்க்கிறவன் அந்தத் தாளை மட்டும் புரட்டிப் பார்க்கவில்லை.

அன்றைக்கே அவனை டூட்டியில் இருந்து இறக்கினார்கள். ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். பேப்பரை மேசை மேல் வைத்து இது யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள், என்னுடையதுதான் என்று சொல்லியிருக்கிறான். மேடம் ஊருக்குப் போயிருந்தார், வர நாலு நாளாகும். அதுவரை ரூமிலேயே இரு என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் கேஸாகுமா என்று ரூமில் இருந்த டிரைவர் கேட்டார். கேஸானால் ஜெயில்தான் என்றார் பக்காலாக்காரர். அவன் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நான் புத்தகத்தைத் தொடவே இல்லை அண்ணை. என்ர பிள்ளை மேல சத்தியமா. பாத்துப் பாத்துக் கீறினனான், அவ்வளவுதான். மகளுக்கு ஒரு சட்டை வாங்கி வச்சிருக்கிறன். அதில அந்தக் கொக்கைத் தைச்சுக்கொண்டு போவமெண்டு நினைச்சன். அடுத்த மாதம் லீவெல்லே."

நாலு வருடம் கழித்துக் கிடைத்த லீவு. மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முந்தி டிக்கெட். கடைசியாக அவன் ஊரை விட்டு வரும்போது அவளுக்குப் பேச்சே இரண்டு வார்த்தைதானாம். இந்த லீவைப் பற்றி அவன் பேசாத நாள் கிடையாது.

"கவலப்படாத தம்பி, எல்லாம் சரியாயிரும்" என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். சீனி அதிகமாகப் போட்டேன். டீயை அவன் கையில் கொடுக்கும்போது அந்த முதலைக் கதை ஞாபகம் வந்து, பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அப்போதும், நம்புங்கள், உள்ளே ஒரு மூலையில் சந்தேகம் உட்கார்ந்துதான் இருந்தது. நன்றாக நடிக்கிறானே என்று.

ஐந்தாம் நாள் மேடம் வந்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை. கையோடு கொண்டுவந்த ஃபைலைப் பிரித்து ஒரு பழைய ஃபோட்டோவை சூப்பர்வைசர் முன்னால் வைத்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதே கொக்கு, அதே துளைகள். புத்தகம் இங்கே வருவதற்குப் பல வருடம் முந்தி எடுத்த ஃபோட்டோ. ஒவ்வொரு பக்கத்துக்கும் அப்படி ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள், கறை எங்கே, கிழிசல் எங்கே, துளை எங்கே என்று.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். கைடு பெண்தான் எங்களுக்கு ஹிந்தியில் சொன்னாள். அந்தக் காலத்தில் இன்னொரு புத்தகம் எழுதிய யாரோ, இந்தக் கொக்கு வேண்டுமென்று இதன் மேல் ஊசியால் குத்தி, கரித்தூளைத் துணியில் முடிந்து தட்டிப் படத்தைப் பிரதி எடுத்திருக்கிறார்களாம். அதனால் அந்தத் துளைகள்தான் அந்தப் பக்கத்திலேயே பெரிய பொக்கிஷமாம். அஜ்மானில் நாங்கள் செய்ததை எழுநூறு வருடத்துக்கு முந்தி ஒருத்தன் செய்திருக்கிறான். பக்கத்துக் கடைக் கேட்லாக்கில் கைவைத்தவன். எங்கள் ஜாதிக்காரன்!

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. மேடம், இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். படித்தவர்களே கவனிக்காமல் போவதை ஒரு காவலாளி கவனித்திருக்கிறானே என்றாராம். சூப்பர்வைசர் என் தோளைத் தட்டி முன்னால் தள்ளினார். மேடம் எனக்குக் கை கொடுத்தார். அடுத்த வாரம் என் பெயர் போட்டு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. கூர்மையான பார்வைக்காக.

மேடம் கையைப் பிடித்திருந்த அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்கலாம். அதே முறையில் இதே கொக்கை ஒருவன் வரைந்திருக்கிறான் மேடம், அவன் ரூமில் உட்கார்ந்திருக்கிறான், அவனைக் காப்பாற்றுங்கள் என்று கைடு பெண்ணிடம் ஹிந்தியில் சொன்னால் அவள் சொல்லியிருப்பாள். அந்தப் பேப்பரைப் பார்த்தால் மேடம் துள்ளிக் குதித்திருப்பார். ஆனால் அந்தப் பேப்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

புத்தகத்தைக் குத்தவில்லை என்று ஆகிவிட்டது, அதனால் அவனை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். கம்பெனி அப்படி நினைக்கவில்லை. டூட்டி நேரத்தில், டூட்டி ரோஸ்டர் தாளில், கண்காட்சிப் பொருளைப் பார்த்துப் படம் வரைந்திருக்கிறான். கூடவே காலரில் ஊசி. ரூல் ரூல்தான். விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். நான் சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

"பாய், அவன் ஒரு தப்பும் பண்ணலையே. சின்னப் படம், பிள்ளைக்கு."

"காகஸ் தும்னே தியா நா?" என்றார். பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்ததே நீதானே என்று. பிறகு கையை உதறி, "கலாஸ்" என்றார், முடிந்துபோச்சு என்று.

அவன் போனது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். லீவில் போக வேண்டியவன் கேன்சலில் போனான். ரூமில் மற்ற இரண்டு பேரும் வெளியே போயிருந்தார்கள். அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்ட நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். சூட்கேஸில் எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சட்டை இருந்தது. வெள்ளைத் துணி, கழுத்தில் சின்னச் சுருக்கு. மார்பில் ஒன்றும் இல்லை. துணியில் படத்தை இறக்குவதற்கு முன்னாலேயே பேப்பர் போய்விட்டதே.

"வேற பேப்பர்ல வரைஞ்சிருக்கலாமேப்பா" என்றேன்.

"மனம் வரேல்லை அண்ணை."

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். நிமிராமலே கேட்டான். "ஆர் சொன்னதெண்டு உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

அவன் கேட்ட விதத்தில் கோபம் இல்லை. தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டான். சொல்லிவிடத்தான் நினைத்தேன். நான்தான் தம்பி என்று இரண்டு சொல். ஆனால் என் வாயில் இருந்து வந்தது வேறு.

"அந்தப் பக்கத்துக் கேலரி நேபாளிப் பையன் இருக்கான்ல, அவனாத்தான் இருக்கும். உன்னையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நிப்பான்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். சூட்கேஸை மூடி ஜிப்பை இழுத்தான். ஜிப் பாதியில் சிக்கியது, நான் குனிந்து விடுவித்துக் கொடுத்தேன். பிறகு அவன் காலரைத் திருப்பி, சிவப்பு நூல் சுற்றிய அந்த ஊசியை உருவி என் உள்ளங்கையில் வைத்தான்.

"இது உங்கட ஊசி. ஏர்போர்ட்டில விடமாட்டாங்கள்" என்றான். கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். அட்டைப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான்.

"பாவம் அந்த நேபாளிப் பெடியன். என்ர மெத்தைக்குக் கீழ என்ன இருந்ததெண்டு அவனுக்கு எப்பிடி அண்ணை தெரியும்?"

படியில் இறங்கும் சத்தம் கேட்டது. சூட்கேஸ் இன்னும் ரூமிலேயே இருந்தது, அதை எடுக்க அவன் திரும்பி வருவான் என்று நின்றேன். அவன் வரவில்லை. டாக்ஸிக்காரன்தான் மேலே வந்து எடுத்துக்கொண்டு போனான்.

அந்தப் பேப்பர் சூப்பர்வைசரின் ஃபைலில் இருக்கிறது. இரண்டு தடவை கேட்டேன், தர முடியாது என்றார். அவன் நம்பர் என் ஃபோனில் இருக்கிறது. மகளின் பிறந்தநாள் அன்று எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். இந்த வாரம் மேடம் மறுபடி பக்கத்தைத் திருப்பினார், இப்போது பெட்டிக்குள் ஒரு முள்ளம்பன்றி முதுகில் திராட்சையோடு நிற்கிறது. நான் ஓரடி தள்ளித்தான் நிற்கிறேன்.